உன் இதயத்தில் ஒரு பழுதும் இருக்கவில்லை

என் ஆசை அண்ணா சுதன்,

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இங்கே கனடாவில், ஸ்காபரோ மரக்கறிக் கடை வாசலில் இலவசப் பேப்பரை எடுத்து, முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத் திருப்புகிறவர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும். போன வருடம் அதே பக்கத்தில் உன்னைப் பற்றி அவர்கள் வாசித்தது பொய்.

தாயகத்தின் துயரச் செய்தி கேட்ட கணத்தில் உன் இதயம் நின்றுவிட்டதாகப் போட்டிருந்தார்கள். உன் இதயத்தில் ஒரு பழுதும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட் கோல்ட் ரூமுக்குள், நீ பியருக்கு வைத்திருந்த காஸால் மூச்சடைத்துச் செத்தாய்.

முதலில் வீட்டுப் புதினம். அம்மா இன்னும் அதே பிஸ்கட் தொழிற்சாலைக்குத்தான் போகிறா. நான் வேலையை மறுபடியும் விட்டுவிட்டேன். உனக்கு ஆச்சரியமாக இராது. உன் சப்பாத்துகளை அம்மா யாருக்கும் கொடுக்க விடவில்லை. கோல்ட் ரூமில் இப்போது ஒன்றுமில்லை, வெறும் சீமெந்து.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ முதலில் பியரைப் போத்தலில்தான் அடைத்தாய். பேஸ்மென்டில் அதில் இரண்டு வெடித்தன. அம்மா மேலேயிருந்து, "என்னடா சத்தம்?" என்று கேட்டா. "சோடா, அம்மா" என்றாய். "சோடாவோ, சரி" என்று துடைக்கிற தடியை இறக்கி வைத்துவிட்டுப் போனா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் சோடா. மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றுக்கு மூன்று பேரும் சேர்ந்து பொய்ப் பெயர் வைத்தோம்.

போத்தல் வேண்டாம், கெக்கில் ஊற்றுவோம் என்று முடிவெடுத்தது நீயும் உன் கூட்டாளி கோபியும். கடைகளில் முன்பு கோலா வைத்திருந்த பழைய உருக்குப் பீப்பாக்கள். உள்ளிருந்த ரப்பர் வளையங்களில் சர்பத் மணம் போகவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிது போட்டாய். பியருக்கு நுரை ஏற்றுகிற காஸ் சிலிண்டரில் பூட்டுகிற ரெகுலேட்டருக்குக் கடை கடையாக அலைந்தாய். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு முள், கெக்குக்குள் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று இன்னொரு முள். இரண்டும் இல்லாத மலிவுச் சாமானை வாங்குகிறவன் குருடனை டிரைவராக வைக்கிறவன் என்பாய்.

கோபி ஒருநாள் எங்கிருந்தோ பழைய சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீ அதன் கழுத்தில் குத்தியிருந்த சோதனைத் திகதியைப் பார்த்தாய்.

"டேய், இது முடிஞ்சு எத்தினை வருஷம். ஒருத்தனும் நிரப்பித் தரமாட்டான். உதைக் கொண்டுபோய் உங்கட மட்டக்களப்புத் தயிர்ச் சட்டிக்கு மூடியா வை."

"யாழ்ப்பாணத்தான்ட வாய்க்கு முதல்ல ஒரு வாஷர் போடணும் மச்சான். எந்த நேரமும் லீக்."

நீ அப்படிச் சிரித்ததை, ஆர்ப்பாட்டங்களை ஒழுங்கு செய்கிற தமிழ்ச் சங்கத்து ஆட்கள் யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த நீ, பதாகை பிடிக்கிற நீ மட்டும்தான்.

சின்ன சிலிண்டர் உனக்குத் தாராளமாகப் போதும். கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். நீ பெரியதை வாங்கினாய். ஏன் என்று கேட்டேன். "சின்னன் எண்டா அடிக்கடி நிரப்பப் போகோணும். பின்சீற்றில சிலிண்டரோட என்னை ஆரும் அன்ரி கண்டா, நான் வீட்ட வர முதல் அம்மாவுக்குப் போன் வந்திடும்" என்றாய். கராஜில் வைக்கவில்லை. அங்கே பதாகைகளும் கொடிகளும் இருந்தன, எந்த நேரமும் யாராவது நின்றார்கள். வாசல் படிகளுக்குக் கீழே இருக்கிற கோல்ட் ரூம்தான் வசதி. குளிர், இருட்டு, ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு உபகரணத்தின் அளவையும் அது நிற்க வேண்டிய இடத்தையும் அன்ரிமாரின் வாய் தீர்மானித்தது, அண்ணா.

அந்த அறையின் வெளிச்சுவரில், வாசல் படிக்குப் பக்கத்தில், ஒரு காற்றுத் துளை இருந்தது. "இந்த ஓட்டை இருக்கிறபடியாத்தான் காஸை இங்க வைக்கிறன். கசிஞ்சாலும் காத்து வந்து போகும்" என்று எனக்குச் சொன்னாய். அம்மாவுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சோடாவுக்கு எதற்குக் காற்றுத் துளை?

பிறகு அந்த வருடம் வந்தது. வன்னியிலிருந்து ஒவ்வொரு நாளும் போர்ச் செய்தி, சாவுச் செய்தி. எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் சனம். நீ பகலில் வேலைக்குப் போகாமல் டவுன்டவுனில் றோட்டில் நின்றாய். கீழே பீப்பாவில் பியர் புளித்துக்கொண்டிருந்தது, அதன் மணம் அந்தத் துளையால் வாசலுக்கு வந்தது. படியில் செருப்பைக் கழற்றிய ஒரு அன்ரி மூக்கைச் சுளித்தா.

"என்ன, தோசை மா புளிச்சுப் போச்சோ?"

"ஓம் ஓம், நேற்று மறந்துபோனன்" என்றா அம்மா.

அன்று பின்னேரம், ஒருவருக்கும் சொல்லாமல், பழைய பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைச் சுருட்டி அந்தத் துளைக்குள் இறுக்கி அடைத்தா. மற்றவர்களுடைய பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிற நேரம் தன் வீட்டு வாசலில் குடி மணக்கக் கூடாது என்று நினைத்தா. வேறொன்றுமில்லை.

போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததற்கு முதல் நாள்தான் நீ சிலிண்டரை மாற்றினாய். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் போடுகிற வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், பூட்டிய பிறகு சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோபிக்கு இதைப் பத்துத் தரம் சொல்லி ஏசியவன் நீ. அன்று வெளியே சங்கத்து அங்கிள் வான் வண்டியில் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பழைய வாஷரையே போட்டுத் திருகிவிட்டு ஓடினாய்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் ஹோல் நிறையச் சனம். ஒருவர் வன்னி நம்பர்களை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் போகவில்லை. குசினிக்குள் தேநீர் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து காதுக்குள் சொன்னாய்: "உதெல்லாத்தையும் ஊத்தி விடப்போறன். இவ்வளவு சனம் செத்துக் கிடக்கு, எங்கட வீட்டில பியர் இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு, தர்சினி." நீ எனக்குக் கடைசியாகச் சொன்னது அதுதான். அந்த வெட்கத்தோடுதான் படியிறங்கிப் போனாய்.

தேநீருக்குக் கூப்பிட வந்தேன். கோல்ட் ரூம் கதவைத் திறந்ததும் மூக்கில் சோடா ஏறியது போல ஒரு குத்து. நீ விழுந்து கிடந்தாய், கால் கதவடியில். காலைப் பிடித்து இழுத்தேன். தலை சுற்றியது, ஆனாலும் இழுத்தேன். ஃபயர்காரர் வந்து எங்கள் எல்லோரையும் புல்லில் இறக்கி நிறுத்தினார்கள். கையில் ஒரு மீட்டரோடு இறங்கிப் போனவன் திரும்பி வந்து எனக்கு விளங்கப்படுத்தினான். காபனீரொக்சைட்டு, பியருக்கு நுரை ஏற்றுகிற அதே காஸ். காற்றைவிடப் பாரம். மூடிய அறையில் தண்ணீர் மாதிரித் தேங்கும், குனிந்தவன் நிமிர மாட்டான். இன்னொருவன் வாசல் படியடியில் முழந்தாளிட்டு அந்தத் துளைக்குள் இருந்து பெட்ஷீட்டை இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

அங்கிள் அதற்குள் போனில் சொல்லத் தொடங்கிவிட்டார். "செய்தியைக் கேட்டவன், அப்பிடியே ஹார்ட் நிண்டுபோச்சு." ஆம்புலன்சோடு ஃபயர் வண்டியும் வருவது இங்கே வழமைதானே, ஒருவரும் சந்தேகப்படவில்லை. அம்மாவிடம் வந்து, "அக்கா, அப்பிடித்தானே?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினா. அந்தப் பொய்க்குள்ளே பெட்ஷீட் இல்லை. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை, அண்ணா. நினைவு மண்டபத்தில், வன்னியில் செத்தவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் உன் படத்தையும் வைக்கப் போவதாக இந்த வருடம் கேட்டு வந்தார்கள். பங்கருக்குள் பிள்ளையோடு புதைந்தவர்களின் வரிசையில், ஸ்காபரோவில் வாஷர் மாற்றாமல் ஓடியவனை வைக்க எப்படி மனம் வருகிறது? அது உனக்கு மரியாதை இல்லை, அவர்களிடம் களவு. கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக் கடதாசிக் கப்பில் விஸ்கி குடித்துவிட்டு, உள்ளே வந்து பண்பாட்டைப் பற்றி மைக்கில் பேசுகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் கோபி வந்தான். நீ செத்த அன்று அவன் டவுன்டவுனில் நின்றவன். உன்னோடு அத்தனை பீப்பா கழுவியவனுக்கும் நாங்கள் இதயம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். இப்போது கல்யாணம் முடித்து விட்பியில் புது வீடு. மேசையடியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு கேட்டான்.

"அன்ரி, சுதன்ட ரெகுலேட்டர் இரிக்கா? நான் திரும்பத் தொடங்கப்போறன். அவன்ட ஞாபகமாவும் இரிக்கும்."

"எங்க வைக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

"பேஸ்மென்ட் படிக்குக் கீழ ஒரு கிளாசெட் இரிக்கி. மாமா மாமி வந்து நிக்காங்க. கதவிடுக்கில டவல் ஒண்டைச் செருகினா மணம் வராது."

சொன்னால் அம்மாவுக்கு முன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவனும் உன்னைப்போலப் போவான். அம்மா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றா. பைப்பை மூடிவிட்டு, கை துடைக்காமலே வந்து கோபிக்கு முன்னால் இருந்தா.

"தம்பி, அவனுக்கு ஹார்ட் நிக்கேல்லை. பியர் காஸிலதான் செத்தவன்."

அம்மாவின் வாயில் பியர் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"வெளியில காத்துப் போற ஓட்டையை நான்தான் அடைச்சனான். மணம் வருதெண்டு."

"அன்ரி..."

"இரு, சொல்லி முடிக்கிறன். அவன் சோடா எண்டவன். நானும் சோடா எண்டு நம்பின மாதிரி இருந்தனான். ஊரில எங்கட வீடு கள்ளுத் தவறணைக்குப் பக்கத்து வளவு. புளிச்ச மணம் எனக்குத் தெரியாதோ? அவனுக்கு என்னட்டச் சொல்ல வெக்கம். எனக்குக் கேக்க வெக்கம்."

கோபி தேநீரைக் கீழே வைத்தான். பிறகு அம்மா கேட்டா: "உன்ர மாமனார் குடிக்கமாட்டாரோ?"

"குடிப்பார் அன்ரி. கார் டிக்கியில."

"அப்ப ஆருக்கடா ஒளிக்கிறாய்?"

அவன் அழுதான். அம்மா அழவில்லை.

ஒரே ஒரு வசனம், அண்ணா. "அம்மா, உள்ளே பியர் இருக்கு, காஸ் இருக்கு, அந்த ஓட்டையை அடைச்சுப் போடாதேங்கோ." நீ சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பா? ஏசியிருப்பா. கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பியிருப்பா. நான் சொல்லியிருந்தால்? உனக்கு முன்னால் எத்தனையோ இரவுச் சாப்பாட்டில் அது என் வாய் வரைக்கும் வந்து போனது. என்ன பயம் எங்களுக்கு? இதுதான் ஒரு வருடமாக என்னைத் தின்கிறது.

கோபியின் சிலிண்டர் இப்போது கராஜில், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி, எல்லோரும் பார்க்க நிற்கிறது. பக்கத்தில் காஸ் கசிந்தால் கத்துகிற மீட்டர் ஒன்றும் வாங்கிப் பூட்டியிருக்கிறான். மாமனார் உதென்ன என்று கேட்டாராம். பியருக்குக் காஸ் என்றானாம். அதற்குப் பிறகு அவர் அவனோடு கதைக்கவில்லையாம். பரவாயில்லை. கோபி உயிரோடு இருக்கிறான்.

இந்த வருட அறிவித்தலில் உன் படத்துக்குக் கீழே அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய வரிகள்தான் வருகின்றன. நீ வீட்டில் பியர் செய்தவன் என்றும், காற்றுப் போகாத அறையில் காஸ் கசிந்து இறந்தாய் என்றும், துளையை அடைத்தது தான்தான் என்றும் அம்மா சொன்னா. அந்தக் கடைசியை விடுவோம் என்றேன். "எழுது. அதை வாசிச்சாத்தான் அடுத்த தாய் போய்ப் பாப்பாள்" என்றா. அங்கிள் கேள்விப்பட்டுப் போன் எடுத்தார். "பிள்ளை, செத்தவன்ர மானம் என்னாகிறது?" என்றார். "உயிர் போனது உங்களுக்குக் காணாதோ, அங்கிள்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இனி நீ எப்படிப் போனாய் என்று யார் கேட்டாலும், கோயிலிலோ பிளாசாவிலோ, குரலைத் தாழ்த்தாமல் சொல்லுவேன். அம்மா அதைச் சொல்லுகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் நிற்பேன். அவவைத் தனிய அந்தப் பழியோடு இருக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு, அண்ணா.

கதவடிக்குப் பிந்தி வந்த உன் தங்கச்சி,
தர்சினி