பள்ளம் இல்லாததால் நான் நான் அல்ல என்று முடிவானது குறித்து

அனுப்புநர்:
மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் பணிக்குத் தேர்வாகி, இன்னும் தொட்டியில் ஏற விடப்படாதவர்.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வாரியத் தலைமை அலுவலகம்,
நான்காம் மாடி.

பொருள்: நெஞ்சுப் பள்ளம் அறுவைச் சிகிச்சையில் சரியானதைக் காரணம் காட்டிப் பணி நியமனம் நிறுத்தப்பட்டது – மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் நெஞ்செலும்பு உள்வாங்கிப் பிறந்தவன். மார்பின் நடுவில் ஒரு பள்ளம். நான் வளர வளர அதுவும் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டதே ‘கிண்ணம்’ என்றுதான். விடுமுறை நாட்களில் என் அண்ணன் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்தப் பள்ளத்தில் வேர்க்கடலையைக் கொட்டிக் கொறித்தபடி கதைப் புத்தகம் படிப்பார். பத்துப் படி ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும் என்பதால், மாடி வகுப்புக்குத் தினமும் என்னை முதுகில் சுமந்து போனவரும் அவரே. ஆகவே கடலை விஷயத்தில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

2. பள்ளி இறுதிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதிய அன்று, மற்ற மாணவர்கள் காது, கழுத்து, முழங்கை என்று மச்சம் தேடித் திண்டாடினார்கள். வகுப்பாசிரியர் என் சட்டைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “மார்பின் நடுவில் பள்ளம்” என்று எழுதி முடித்தார். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

3. வாரியத் தேர்வில் வென்று மருத்துவப் பரிசோதனைக்கு வந்தேன். எலும்பு இதயத்தையும் நுரையீரலையும் நெருக்குகிறது, இந்த நிலையில் தொட்டி ஏணியில் ஏறினால் பாதியில் மயங்கி விழ நேரிடும் என்று மருத்துவக் குழு சொல்லிற்று. சரிசெய்துகொண்டு வர அவகாசமும் தந்தது. நெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர் இரு விலாப்புறமும் சிறு துளையிட்டு, வளைந்த எஃகுக் கம்பி ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் செருகிப் பள்ளத்தைத் தூக்கி நிறுத்தினார். கம்பி இன்னும் சில ஆண்டுகள் உள்ளே இருக்கும். வலியைப் பற்றி இங்கே எழுதி நேரத்தை வீணாக்க மாட்டேன். தும்மல் வந்த நாட்களில் மட்டும் உலகத்தையே வெறுத்தேன். மறுபரிசோதனையில் குழுவினர் என்னை ஏணியில் ஏற்றி இறக்கிப் பார்த்து, முழுத் தகுதி என்று எழுதினர்.

4. அங்கிருந்து சான்றிதழ் சரிபார்க்கும் அறைக்குப் போனேன். எழுத்தர் சட்டையைக் கழற்றச் சொன்னார். என்னைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், “பள்ளம் எங்கேங்க?” என்றார். சரிசெய்தாகிவிட்டது என்றேன். “அப்ப இது உங்க சான்றிதழே இல்லையே” என்றார். பள்ளத்தோடு போனால் ஓர் அறையில் தகுதி இல்லை. பள்ளம் இல்லாமல் போனால் அடுத்த அறையில் ஆளே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அன்றுதான் அனுபவத்தில் அறிந்தேன்.

5. விலாத் தழும்புகளைக் காட்டினேன். அவை சான்றிதழில் இல்லை என்றார். மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தேன். அவர் பாவம், நல்ல செய்திதானே என்று, “கம்பியை எடுத்த பின்பும் பள்ளம் திரும்ப வராது” என ஒரு வரி சேர்த்திருந்தார். எழுத்தர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அடையாளம் இனி கிடைக்க வழியில்லை என்று மருத்துவரே ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

6. இரத்த உறவில் ஒருவர் நேரில் வந்து அடையாளம் காட்டலாம் என்றார். வெளியூரில் லாரி ஓட்டும் அண்ணனை வரவழைத்தேன். சிகிச்சைக்குப் பின் அவர் என்னைப் படுக்கையில்தான் பார்த்திருந்தார். அன்று லிஃப்ட் பழுது. நான் மூன்று மாடியும் நிற்காமல் ஏறி எழுத்தரின் மேசை முன் போய் நின்றேன். பின்னால் வந்த அண்ணன் படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “யப்பா, இது என் தம்பியே இல்ல!” என்று உரக்கச் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். எழுத்தர் அதை அப்படியே வாக்குமூலமாக எழுதி, அழுதுகொண்டிருந்தவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நீட்டிய இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் குடும்ப வழக்கம்.

7. ஐயா, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். முன்பு வைத்தால் கை உள்ளே போகும், இப்போது போகாது. வேறு வித்தியாசம் இல்லை. நான் நான்தான். அண்ணன் முதுகில் மாடி ஏறியவன், தன் காலால் ஏறிச் செய்யக் கிடைத்த முதல் வேலை இது. அதைக் கைநழுவ விட எனக்கு மனம் வரவில்லை. பணியில் சேரும் கெடு நாளையோடு முடிகிறது.

ஆகவே, விலாத் தழும்புகளைப் புதிய அடையாளமாக ஏற்று, அண்ணனின் வாக்குமூலத்தை மகிழ்ச்சியில் உளறியதாகக் கருதி, இன்றே ஆணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடைசி வரிகளைத் தங்கள் அறை வாசலில் நின்று எழுதுகிறேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அண்ணன் மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். முதுகில் ஏறிக்கொள்ளச் சொன்னேன், திட்டினார். அவர் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, நான் யார் என்று தாங்களே அவரிடம் ஒருமுறை கேட்க வேண்டுகிறேன். இந்த முறை யோசித்துப் பதில் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

நாள்: கெடுவுக்கு முந்தைய நாள்
இடம்: நான்காம் மாடி, தங்கள் அறை வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
அதே ஆள்