டீயை யாரும் சமைப்பதில்லை

மார்ச் 4, புதன்

மின்சாரக் கெட்டில் வந்துவிட்டது. தானாக வரவில்லை. நானே போய் வாங்கி, பழைய போர்வைக்குள் சுருட்டி, வீட்டுக்காரம்மா பின்பக்கம் துணி காயப்போடும் நேரம் பார்த்து மாடிப்படி ஏற்றினேன். நாற்பத்து மூன்று வயதில் கடத்தல் தொழில். என் சம்பளத்தில் வாங்கிய என் கெட்டிலை என் அறைக்கு நானே கடத்துகிறேன்!

அறையைக் காட்டியபோது அந்த அம்மா சொன்னது ஒரே நிபந்தனைதான். "ரூமுக்குள்ள சமையல் மட்டும் கூடாது. சுவர் கரி பிடிக்கும், கரப்பான் வரும்." நன்றாகத் தலையாட்டினேன். அண்ணன் வீட்டு அடுப்படியிலிருந்து தப்பி வந்தவளுக்கு அது கசக்குமா? மதியத்துக்கு, நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்குப் பக்கத்து மெஸ், ராத்திரி ரொட்டி. போதும்.

ஆனால் டீ? அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே கூடாது என்று வரும்.

மார்ச் 5, வியாழன்

வடிகட்டி வாங்கினேன். கடையில் அதைக் கையில் எடுத்ததும் அண்ணன் குரல்தான் கேட்டது. நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னது: "வடிகட்டின முட்டாள். ஒரு மாசம் தாங்க மாட்டே. நீயே வந்து கதவைத் தட்டுவே."

சல்லடை நெருக்கமாக இருக்கிற வடிகட்டியாகப் பார்த்து எடுத்தேன். ஒரு துகள்கூட இறங்கக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

கிளினிக்கில் இன்று கூட்டமில்லை. முன்மேசையில் உட்கார்ந்து, பல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது என் வேலை. சும்மா இருந்த நேரத்தில் போனில் ஒரு கட்டுரை படித்தேன். வீட்டில் தேநீரை அனுபவித்துக் குடிக்க என்னென்ன வேண்டும் என்று. பீங்கான் கூஜா, அதற்கு ஒரு குல்லாய் (கூஜாவுக்குக் குளிருமாம்!), இலையைத் தொங்கவிட ஒரு கூண்டு, தண்ணீர்ச் சூடு பார்க்க ஒரு கருவி, நேரம் பார்க்க ஒரு மணி, தட்டு, அந்தத் தட்டுக்கு ஒரு துணி. காய்ச்சல்காரனுக்குக்கூட இத்தனை பணிவிடை கிடையாது.

எல்லாம் எழுதியவர் முக்கியமான சாமானை விட்டுவிட்டார். கதவு. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற கதவு. அப்புறம் உட்கார ஒரு நாற்காலி. நின்றுகொண்டே விழுங்குவதற்குப் பெயர் டீ குடிப்பது இல்லை.

டாக்டர் எட்டிப் பார்த்து, "டீயைக் குறைங்க, பல்லெல்லாம் கறை" என்றார். என் பல், என் கறை. சொல்லவில்லை, சிரித்துவைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் டீ.

உண்மையை எழுதிவிடுகிறேன். நன்றாக இல்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, தூளைப் போட்டு மூடி, காய்ச்சாத பாக்கெட் பாலை ஊற்றினால் வேறெப்படி இருக்கும்? வெந்நீரில் டீத்தூள் கால் நனைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனாலும் நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அண்ணன் வீட்டில் ஆறு பேருக்கு நான்தான் டீ. அம்மா போன பிறகு அப்படியே ஆகிவிட்டது, யாரும் முடிவு செய்யவில்லை. அண்ணனுக்கு ஸ்ட்ராங்காக, அண்ணன் மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல், பிள்ளைகள் இரண்டுக்கும் பால் தூக்கலாக, அப்புறம் அண்ணிக்கு. எனக்குப் பாத்திரத்தின் அடியில் நிற்பது. தூளும் ஏடும். ஒருநாள் தலைவலி தாங்காமல் முதலில் எனக்கு ஊற்றிக்கொண்டேன். அண்ணன் பேப்பரை மடக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "யாருக்கு முன்னாடி யாரு குடிக்கிறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் எனக்கு எரிந்தது. அன்றைக்கே அறை தேட ஆரம்பித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மிச்சம் வைத்த பால் திரிந்துவிட்டது. இருக்கட்டும். நாளைக்கு வேறு வழி.

மார்ச் 11, புதன்

வேறு வழி என்று நான் கண்டுபிடித்ததை என்னவென்று எழுத? நம் டீ என்பது பாலும் தூளும் சேர்ந்து கொதித்தால்தான் டீ. கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆகவே மகாராணி என்ன செய்தேன், பாலையும் தண்ணீரையும் தூளையும், தட்டிய இஞ்சியையும் சேர்த்துக் கெட்டிலுக்குள்ளேயே போட்டு சுவிட்சைத் தட்டினேன்.

பால் பொங்கியது. அடுப்பு என்றால் தணிக்கலாம், பாத்திரத்தைத் தூக்கலாம். மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, கெட்டிலின் பீடத்தில் வழிந்து, பட்டென்று ஒரு சத்தம். என் மின்விசிறி நின்றது. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. கீழே வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியலும் போயிற்று. யாரோ யாரையோ அறையப் போகிற நேரமாம்.

மேலே வந்தார். அறை முழுக்க இஞ்சி வாசம். மறைக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"ஏம்மா, சமையல் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சமையல் இல்லம்மா. டீ."

"டீன்னா?"

"டீயை யாராவது சமைப்பாங்களா? போடுவாங்க. சட்டை போடுற மாதிரி, பூட்டு போடுற மாதிரி. 'டீ சமைச்சிட்டியா'ன்னு யாராவது கேட்டு உங்க காதுல விழுந்திருக்கா?"

அந்த அம்மா கெட்டிலையும் என்னையும் பார்த்தார். பிறகு, "சண்டையும்தான் போடுவாங்க. அதுக்காக என் வீட்டுல போட விடுவேனா?" என்றார். நல்ல பதில்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அறை கொடுக்கும்போதே அந்த அம்மா என் அண்ணனின் நம்பரை வாங்கிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை வரச்சொல்லி, அவர் முன்னால் முடிவு சொல்வாராம். காலி செய்யச் சொன்னால் எங்கே போவேன்? தனியாக இருக்கிற பெண்ணுக்கு இந்த அறை கிடைக்கவே எத்தனை வாசல் ஏறினேன். போக ஒரே இடம்தான் இருக்கிறது. அந்த அடுப்படி. போக மாட்டேன். என்ன ஆனாலும் போக மாட்டேன். இவங்க யாரு என்னை அனுப்புறதுக்கும் கூட்டிட்டுப் போறதுக்கும்? நான் என்ன பார்சலா?

மார்ச் 13, வெள்ளி

அண்ணி போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார், குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் வர்றாரு. நீ வராத."

சுருக்கென்றது. "நான் வர்றதா சொல்லவே இல்லையே அண்ணி."

"ஐயோ, தப்பா எடுத்துக்காத. நீ வந்துட்டா பழையபடி ஆயிரும். நீ போன அப்புறம்தான் அந்த மனுஷன் ஒரு டம்ளரைக் கழுவிப் பார்த்தேன். நான் சொன்னேன்னு சொல்லிராத." வைத்துவிட்டார்.

இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றோம். இதைப் பேச அவர் குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் வந்து கீழே கூடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா எதிரே. நான் படிக்கட்டுப் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிற்கக் கூடாது என்று முடிவுசெய்துதான் இறங்கியிருந்தேன்.

"பெட்டியக் கட்டு. ஆட்டோ வெளிய நிக்குது" என்றார்.

"நான் வரலண்ணா."

"உனக்கு என்ன குறை வச்சேன்? சோறு போடலையா, துணி எடுத்துத் தரலையா? ஒரு டீக்காகவா வீட்டை விட்டு வந்தே?"

"ஆமா. ஒரு டீக்காகத்தான். சூடா, உக்காந்து, எனக்குன்னு ஒரு டீ. உங்க வீட்டுல அது எனக்குக் கிடைக்கல."

சொல்லிவிட்டேன்! இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது. அண்ணன் வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, 'பார்த்தீங்களா இவ பேச்சை' என்கிற மாதிரி சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி சரி, அதெல்லாம் போற வழியில பேசிக்கலாம். வெயில்ல வந்தது மண்டைய இடிக்குது. மொதல்ல ஒரு டீ போடு."

நான் அசையவில்லை. வீட்டுக்காரம்மாதான் பேசினார். "மாடியில சமையல் கூடாதுங்க. அதுக்குத்தானே உங்களை வரச்சொன்னேன்."

"என்னங்க நீங்க! டீ போடுறதெல்லாம் ஒரு சமையலா?"

தான் என்ன சொன்னோம் என்று அண்ணனுக்கு விளங்க நேரம் பிடித்தது. அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

"இவளும் அதையேதான் சொன்னா. நான்தான் நம்பல. பெரியவங்க நீங்களே சொல்லிட்டீங்க. சமையலே பண்ணாத பொண்ணை நான் எதுக்குக் காலி பண்ணச் சொல்லணும்?"

என் அண்ணன் வாயாலேயே அந்த அம்மா எனக்குத் தீர்ப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்! வேண்டுமென்றேதான் செய்தாரா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன் எழுந்திருக்காமல், கொஞ்சம் இறங்கிய குரலில், "சரி, பால் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு. போட மாட்டேன்."

வெயிலில் வந்த மனிதருக்கு ஒரு டீ கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது. ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்கும் வரை உட்கார்ந்திருந்து, மேலே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அழுதால் என்ன? தோற்றவர்கள் மட்டும்தான் அழ வேண்டுமா?

மார்ச் 16, திங்கள்

புதுக் கெட்டில். இதில் தண்ணீர் மட்டும். இனி பால்பொடி. வீட்டுக்காரம்மா பார்க்கும்படியே, முன்வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பிடிபட்டுவிட்டது. தூள் ஒன்றரை மடங்கு, தட்டுப் போட்டு மூடி வேறு வேலை பார்க்க வேண்டும், பால்பொடியைத் தனியாகக் குழைத்துக் கடைசியில் விட வேண்டும். அண்ணன் வீட்டு டீ மாதிரி இல்லை. இது என் டீ மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் போன். அண்ணன். அன்று போனவர் இன்றுதான் பேசுகிறார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தண்ணி கொதிக்குது. தூள் எத்தனை ஸ்பூன்?"

ஏதோ ராங் நம்பர் என்றே நினைத்தேன். "யாருக்கு?"

"எங்களுக்குத்தான். உங்கண்ணி எந்திரிக்க மாட்டேங்கிறா. ஞாயித்துக்கிழமை லீவாம்."

சொன்னேன். பாலை எப்போது ஊற்ற என்று கேட்டார். அதையும் சொன்னேன். பொங்குகிற சத்தம், "ஐயய்யோ", பாத்திரத்தை இறக்குகிற சத்தம், எல்லாம் வரிசையாகக் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"வடிகட்டிட்டேன். அப்புறம்?"

"அப்புறம் மொதக் கப்பைக் கொண்டுபோய் அண்ணிகிட்ட குடுங்க."

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. தூரத்தில், கரகரத்த குரலில், "இந்தா, எந்திரி" என்றார்.

அண்ணி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான்தான் போனை வைத்தேன். பேச்சில் என் டீ ஆறிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு எனக்கு இன்னொன்று போட்டுக்கொண்டேன்.