சாம்பல் ஒட்டிய கம்பு

ஆனி 10, செவ்வாய்

மேல்காற்று. வாயெல்லாம் மண். சேலத்தில் ஏறிய கரிவாயு பஸ் (பெட்ரோல் இல்லை, கரி எரித்து ஓடுகிறது) ராசிபுரம் வருவதற்குள் மூன்று முறை மூச்சை விட்டது, இறங்கித் தள்ளினோம். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிறார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. நாமகிரிப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் ஜாகை. மண்ணெண்ணெய் இல்லை, யுத்தம். பொழுதோடு எழுதி முடிக்க வேண்டும்.

கல்லூரி ஏற்பாடு இது: ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆராய்ச்சி, எல்லாம் இந்த ஒரே ஊரில். ரசாயனத்துக்காரர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். சரித்திரத்துக்காரனுக்குக் கோயில் கல்லெழுத்து. அர்த்தனாரிக்கு (என் அறைத்தோழன், தாவர இயல்) செடி கொடி. பொருளாதாரம் படிக்கிற எனக்கு, ஊர் என்ன சாப்பிடுகிறது என்று ஒரு வாரம் எடை போடும் வேலை. பத்து வீடு.

என்னுடையதுதான் காரியத்துக்கு ஆகிற வேலை. இரண்டு வருஷமாக மழை பொய்த்த பக்கம். கஞ்சித் தொட்டி எந்த ஊரில் திறப்பது என்று பார்க்கத் தாசில்தார் எங்கள் புரொபசரிடம் கணக்குக் கேட்டிருக்கிறார். புறப்படும்போது புரொபசர் சொன்னது: உலையில் போடும் முன் நிறுத்துப் பார், எழுது, வாயைத் திறக்காதே.

கொண்டுவந்தவை: தராசு, படிக்கற்கள், பென்சில், அம்மா கொடுத்த முறுக்கு. முறுக்கில் பாதி அர்த்தனாரி வயிற்றில்.

ஆனி 11, புதன்

முதல் வீடு குப்பண்ணன். மூன்று ஏக்கர் மேட்டுக்காடு, வானம் பார்த்தது. ஒற்றை மாடு, ஜோடி போன வருஷமே செத்துவிட்டதாம். பெண்சாதி பாவாயி. ஒரே பெண், செல்லி, ஆறு வயதிருக்கும்.

குப்பண்ணன் ஆள் பேசுகிறதில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள்தான் கேட்டாள், "ஏனுங்க சாமி, நாங்க திங்கறத நிறுத்து என்னுங்க பண்ணுவீங்க?" சர்க்காருக்குத் தெரியவேண்டும் என்றேன். எனக்கே அது பெரிய பதிலாகத் தோன்றியது.

உள்ளே போய் முறத்தில் கம்பு கொண்டுவந்தாள். புடைத்து, நிறுத்து, உரலில் போட்டுக் குத்தினாள். நல்ல கம்பு, மணி மணியாக. மூன்று பேருக்குத் தாராளமான எடை. வரும்முன் நான் பயந்த அளவு மோசமில்லை.

எழுந்தேன். விடவில்லை. அடுப்பு எரிகிற நேரத்தில் வந்தவர் வெறும் வாயோடு போனால் வீட்டுக்கு ஆகாதாம். புரொபசர் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. கம்பஞ்சோறும் மிளகாயும். மோர் இல்லை.

ஆனி 13, வெள்ளி

காற்று நிற்கவே இல்லை. தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருக்கிறது, முதுகைக் கொடுத்து மறைத்து நிறுக்க வேண்டியிருக்கிறது.

பத்து வீட்டிலும் எடை நன்றாகவே. இரண்டு வீட்டில் சாமையரிசி. ஒரு வீட்டில் நெல்லுச்சோறே. ஆனால் ஆட்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கன்னத்து எலும்பு. செல்லி உலை கொதிக்கும்போதே வட்டிலோடு உட்கார்ந்துவிடுகிறாள். போட்டதும் மெல்லாமல் விழுங்குகிறாள். அவள் அம்மா அவள் கையை லேசாகத் தட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை அப்படித்தான் என்று எழுதிக்கொண்டேன்.

காலில் முள். எடுக்க முடியவில்லை.

கல்லெழுத்தை மை தடவிப் படியெடுத்துச் சரித்திரத்துக்காரன் முகமெல்லாம் கரி. கல்லில் யாரோ கோயிலுக்கு நிலம் விட்ட செய்தியாம், விருந்து சாப்பிட்டவனைப்போலச் சந்தோஷப்படுகிறான்.

ஆனி 15, ஞாயிறு

அர்த்தனாரியோடு சண்டை.

அவன் காகிதத்துக்கு நடுவில் வைத்து அமுக்க ஒரு பண்ணைக்கீரை கிடைக்கவில்லையாம். குத்துக்கீரை இல்லை, வேலியில் கோவைத்தழைகூட இல்லை. கற்றாழையின் குருத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், குழி குழியாக. "கம்பஞ்சோறு தின்கிற ஊர் கற்றாழையைத் தோண்டுமா? உன் தராசைக் கொஞ்சம் பாருடா" என்றான்.

என் தராசில் என்ன கோளாறு? மாட்டுக்குப் பறித்திருப்பார்கள் என்றேன். மாடு கற்றாழை தின்னுமா என்றான். நீ இலையை ஒட்டு, மனிதனை விடு என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். மீதி முறுக்கை நானே தின்றேன்.

ஆனி 17, செவ்வாய்

கடைசி நாள். பாவாயி இன்று கம்பைப் புடைக்க வெகு நேரம். முறத்திலிருந்து சாம்பலாகப் பறந்தது, காய்ந்த வேப்பிலைச் சருகும். சாம்பல் நீக்கிய பின் எடை என்று குறிப்பில் எழுதினேன். புரொபசர் இந்த மாதிரி நுணுக்கத்தை மெச்சுவார்.

குப்பண்ணன் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பிட வரவில்லை. காட்டில் வேலை என்றாள். இந்த வறட்சியில் காட்டில் என்ன வேலை?

புறப்படும்போது செல்லி வண்டிவரை வந்தாள். "நாளைக்கும் வருவீங்களா?" இல்லை என்றேன். "அதுக்கடுத்த நாளு?" என் மேல் இத்தனை பிரியமா என்று நெகிழ்ந்துபோனேன். ஒரு பென்சில் கொடுத்தேன். வாங்கி வாயில் வைத்துப் பார்த்தாள்.

ஆனி 29, ஞாயிறு

சேலம். கல்லூரி மண்டபத்தில் ஆராய்ச்சிகள் வாசிப்பு. தாசில்தார் முன்வரிசை.

தண்ணீர்: உப்பு, குடிக்கலாம். கல்லெழுத்து: பழையது, கைதட்டல். அர்த்தனாரி வாசித்தது பாதிதான். கற்றாழைக் குழி பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், பாடத்துக்குள் நில் என்று உட்காரவைத்துவிட்டார்கள். என்னுடையதுதான் நன்றாக அமைந்தது. பத்து வீடு, ஏழு நாள், ஒரு வேளை விடாமல். "நிலைமை சுமாருக்கு மேல்" என்று முடித்தேன். தாசில்தார் தலையசைத்தார். கஞ்சித் தொட்டி வேறு ஊருக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. புரொபசர் தோளில் கை வைத்தார்.

அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். சட்டைக்குப் பொத்தான்.

ஆடி 1, வியாழன்

வீட்டுக்கு வந்தேன். ஆடிப் பண்டிகை, தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை. தேங்காயில் செருகிச் சுடத் தங்கைக்குக் குச்சி சீவிக் கொடுத்தேன். எங்கள் தேங்காய் கருகிப்போயிற்று.

மேற்கே மின்னல். அம்மா இப்போதே விதையைப் பார்த்துவைக்கலாம் என்று பண்ணையாள் பழனியைக் கூப்பிட்டு விதைப்பானையை இறக்கச் சொன்னாள். வாயில் பூசியிருந்த மண்ணைத் தட்டினான். முறத்தில் கவிழ்த்தான்.

சாம்பல். வேப்பிலைச் சருகு. அதற்குள் மணி மணியாகக் கம்பு.

பிறந்தது முதல் இந்தப் பானை எங்கள் வீட்டு மூலையில் இருக்கிறது. நான் ஒரு தரம்கூட அதற்குள் கையை விட்டதில்லை. தின்கிற கம்புக்கு யார் சாம்பல் கலப்பார்கள்? பழனியிடம் கேட்டேன். "விதைக்குத்தானுங்க போடுவாங்க, பூச்சி வராம" என்றான்.

அம்மாவிடம் ஒன்று கேட்டேன். வீட்டில் தானியமே இல்லாதபோது அடுப்பு நேரத்தில் ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வாய்? அம்மா யோசிக்கவே இல்லை. "எங்கிருந்தாச்சும் எடுத்துப் போடுவேன். இல்லைன்னு வாசல்ல வெச்சுச் சொல்ல முடியுமா?"

தேங்காய் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆடி 5, திங்கள்

புரொபசரிடம் போனேன். எல்லாம் சொன்னேன்: அவர்கள் எனக்காகச் சமைத்தார்கள், விதையைச் சமைத்தார்கள், நான் அந்த ஊரில் இல்லாத நாளில் அந்த அடுப்பு எரிந்திருக்காது, கற்றாழைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பார்த்த எடை பொய்யா?"

இல்லை என்றேன்.

"அப்போ கணக்கு சரி. யார் மனசுக்காக உலை வெச்சாங்கன்னு எழுத நம்ம அட்டவணையில இடமில்லப்பா. தாசில்தார் மேலே எழுதியாச்சு."

தாசில்தார் கச்சேரிக்கும் போனேன். அவர் வெளியூர் முகாமாம். குமாஸ்தா மனுப்போடச் சொன்னார். போட்டேன். மேஜைமேல் ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார்.

அர்த்தனாரியிடம் சொன்னேன். நான்தான் சொன்னேனே என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆடி 9, வெள்ளி

அம்மாவுக்கு ஆள் அனுப்பி ஒரு சிறு மூட்டை விதைக் கம்பு வரவழைத்தேன். அப்பாவுக்குத் தெரியாது. மூட்டை கட்டிலுக்கு அடியில். எலி வராமல் தினமும் பார்க்கிறேன். வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. நாளை மறுநாள் புறப்பட எண்ணம்.

ஆடி 11, ஞாயிறு

மழை. விடிந்தும் நிற்கவில்லை. விடுதியில் எல்லோரும் வராந்தாவில் நின்று கூத்தடிக்கிறார்கள், ரசாயனத்துக்காரன் முற்றத்தில் இறங்கி ஆடினான். ஊரே காத்திருந்த மழை. நான் மட்டும் விதை மூட்டையை ஈரம் படாமல் கட்டில்மேல் எடுத்து வைத்தேன். பஸ் இல்லை, பாலத்துமேல் தண்ணீர்.

ஆடி 13, செவ்வாய்

பஸ் ராசிபுரத்தோடு சரி. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடை. வழியெல்லாம் ஏர். ஈர மண் வாசனை. ஆட்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொண்டு உழுகிறார்கள். இன்றைக்கு விதைத்தால்தான் ஈரம் பிடிக்கும்.

குப்பண்ணன் காட்டில் யாரும் இல்லை. தண்ணீர் தேங்கி வெறுமனே கிடந்தது.

வீட்டில் பாவாயி இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள், கூந்தல் வாராமல். என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, பலகையைத் துடைத்துப் போட்டாள். "வாங்க சாமி, உக்காருங்க. தராசு எங்கீங்க?"

தராசு இல்லை, விதை என்று மூட்டையை இறக்கினேன். எல்லாம் கேட்டேன். மாட்டை விற்றாகிவிட்டது. குப்பண்ணன் சேலத்துப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டார், போனவரிடமிருந்து சேதி இல்லை. கொழுந்தன் தன் காடு உழுது முடித்துவிட்டு நாளைக்கு ஏர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் விதை ஏது என்று இருந்தாளாம்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"சர்க்காரு அனுப்பி ஊடு தேடி வந்திருக்கீங்க. ஒண்ணுமில்லீங்கன்னு கைய விரிச்சிருந்தா, உங்க மொகத்துல எப்பிடீங்க சாமி முழிப்பேன்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மூட்டையின் கட்டை அவிழ்த்து, முறத்தில் கம்பை அள்ளிச் சாம்பலைப் புடைக்க ஆரம்பித்திருந்தாள். பதறிப்போய், விதை, வேண்டாம் என்றேன். "ரெண்டு கைதானுங்க. நடந்து வந்திருக்கீங்க. சாப்புடாம போகக்கூடாது." உரலில் கொட்டினாள்.

எனக்குப் பசியில்லை, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். நான் வாசலைத் தாண்டினால் அவள் உலக்கையை வைத்துவிடுவாள் என்று தெரியும். கம்பு தப்பிக்கும், நாளைக்கு மண்ணில் விழும்.

அப்போதுதான் செல்லியைப் பார்த்தேன். இத்தனை நேரமும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள், சத்தமே இல்லாமல். கால் குச்சியாக இருந்தது, வயிறு மட்டும் முன்னால். வட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, உரலையும் பார்க்கவில்லை. நான் போகிறேனா இருக்கிறேனா என்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்துவிட்டேன்.