விரதம் என்று எழுதிக்கொண்ட ஆஸ்பத்திரி

திருத்தணி
ஆவணி 10

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா பிரேமா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை அசோக்குமாரும் அந்த மழையிலும் குளிரிலும் சளி, இருமல் அண்டாமல் இருக்கத் தணிகேசனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் நைனா எழுந்து நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார், என்னை அதிகாரம் பண்ணுகிறார். சுகம் என்று முழுசாக எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தினமும் போனில் பேசுகிறவள் இன்றைக்கு எதற்குத் தாளை எடுத்தாள் என்று யோசிப்பாய். நான் போனைத் தொட்டாலே உன் நைனா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதனால் எழுதி, மெடிக்கல் கடை அனுசுயாவிடம் கொடுத்து, போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன்.

டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு நீ அனுப்பிய புகார் நன்றாக வேலை செய்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை விசாரணையாம். எங்கள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், காவடிக் கூட்டத்துக்குப் பொறுப்பாக வந்த உன் கஜபதி பெரியப்பாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வார்டு சிஸ்டர் கௌரியம்மாளை வேலையை விட்டு நீக்கிவிட முடிவே பண்ணிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று வாட்ச்மேன் வரைக்கும் பேசுகிறான். அந்தம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியை ஒருதரம் வாயாரத் திட்டாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.

வாசலிலேயே ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், லாப நோக்கமற்ற மக்கள் மருத்துவமனை, அவசர சிகிச்சை இருபத்திநாலு மணி நேரமும் என்று. உள்ளே போனால் ஃபேனில் ஒருத்தர் பெயர், கட்டிலில் ஒருத்தர் பெயர், சக்கர நாற்காலியின் முதுகில் ஒருத்தர் பெயர், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே அமரர் என்று போட்டு இன்னொருத்தர் பெயர். கொடுத்த மகராசர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, படுத்திருக்கிறவன் பெயரைத்தான் ஒருத்தரும் கேட்பதில்லை. தரச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி, அதற்கு ஒரு சீரியல் விளக்கு வேறு. அதற்கு நேர் கீழே இருக்கிற பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போகும்போது கருத்துச் சொல்லுங்கள் என்று ஒரு அட்டை நீட்டுவார்கள். அதில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று, அதைவிடப் பெரிதாகச் சிரிக்கிற மூஞ்சி ஒன்று, அவ்வளவுதான், மூன்றாவது மூஞ்சியை அச்சடிக்கவே இல்லை. டிரஸ்ட் தலைவர் பஞ்சாட்சரம் இருக்கிறாரே, ரைஸ்மில்காரர், அவர் சேவை சேவை என்று மேடையில் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூ, இதுவும் ஒரு சேவை.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்ததைப் போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டாய். உனக்கு அங்கே ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமானால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாரே, அதற்காக உன் நைனா மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சரவணப் பொய்கையில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு காவடியைத் தோளில் வைத்தார். பாதிப் படி ஏறுவதற்குள் வேர்த்துக் கொட்டியது, இடது தோள் விண்விண் என்று வலிக்கிறது என்றார். காவடி பாரம், அப்படித்தான் இருக்கும் என்று கஜபதி பெரியப்பா சொன்னார். நாலு படி தாண்டவில்லை, உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காலை பத்தரை மணி. அங்கே வாசலில் பந்தல் போட்டு, மயங்கி வருகிற பக்தர்களுக்கு என்று வரிசையாக முப்பது கட்டில். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம், எல்லாம் மஞ்சள் வேட்டி, நானே ஒருமுறை தண்ணீர் வாங்கிவந்து வேறொரு ஆள் வாயில் ஊற்றப் பார்த்தேன். மொட்டையைப் பார்த்த உடனே கையில் மஞ்சள் பட்டை கட்டி, குளுக்கோஸ் ஏற்றி, போர்வையை இழுத்துவிட்டார்கள். விரலில் குத்திச் சுகர் பார்க்கிற பட்டை தீர்ந்துவிட்டதாம். டூட்டி டாக்டர் எங்கே என்றால் அன்னதானப் பந்தலில் பஞ்சாட்சரத்தோடு போட்டோவுக்கு நிற்கிறாராம். பழைய ஈசிஜி மிஷினை மலைமேல் முகாமுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். புதுசு ஒன்று உள்ளேயே இருந்தது, ரோஜா நிற ரிப்பன் கட்டி. அதை எடுங்களேன் என்று கெஞ்சினேன். ஆபீஸ் ரூமில் இருந்தவன் தலையைக்கூடத் தூக்காமல், "இன்னும் தொறப்பு விழா ஆவலம்மா, ஞாயித்துக்கெழமதான்" என்றான். மனுஷன் நெஞ்சு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? இரண்டு மணிக்கு மேல் உன் நைனாவின் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் கௌரியம்மாள் போய் அந்த ரிப்பனைக் கத்தரியால் வெட்டி, மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காகிதம் வெளியே வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் டாக்டர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஸ்டென்ட் வைத்த டாக்டர், மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காது என்று சொன்னதை உனக்கு அன்றைக்கே சொன்னேன்.

சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நோயாளிக்குச் சுகர் உண்டா, என்ன சாப்பிட்டார், என்ன வலி என்று சிஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று புகாரில் எழுதியிருக்கிறாயே, அது நான் போனில் சொன்னது. அது பொய், கண்ணு. கௌரியம்மாள் கேட்டாள், மூன்று தரம் கேட்டாள். அன்று விடியற்காலையில் நாலு இட்லியும் சுகர் மாத்திரையும் நான்தான் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு மலையேறக்கூடாது என்று நீ சொன்னது சரிதான், அதில் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கூட்டத்துக்கே பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம் என்று கஜபதி பெரியப்பா சட்டம் போட்டிருந்தார், மீறினவன் காவடியைத் தொட்டால் எல்லார் காவடிக்கும் தோஷம் என்பார். அவரும் இன்னும் ஐந்தாறு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அப்போது போய் அந்தம்மா, "இன்னாங்க ஐயா, காலைல எதுனா சாப்ட்டீங்களா, சுகரு கிகரு இருக்குதா, மார்ல வலிக்குதா" என்று கேட்டாள். உன் நைனா கஜபதி பெரியப்பா முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா, விரதந்தான், வெறும் தோள்வலி, ஒண்ணுமில்ல" என்றார். அவள் நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, "யம்மா, நீயாவது சொல்லு, ஆங்?" என்றாள். நான் ஆமாம் விரதம்தான் என்று தலையை ஆட்டினேன். அவள் மறுபடியும் கேட்டாள், நான் மறுபடியும் ஆட்டினேன். அதைத்தான் அவள் சீட்டில் எழுதினாள், பட்டினி மயக்கம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். உன் நைனா சாவுக்குப் பயப்படவில்லை மோனிகா, நாலு இட்லிக்குப் பயந்தார். எனக்கென்ன வந்தது? மாரடைப்பு வந்ததே முருகன் கொடுத்த தண்டனை என்று ஊர் பேசுமே என்று எனக்குப் பயம். இத்தனை பக்கம் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டினேனே, என்னைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

இப்போது அந்த மகானுபாவர்கள் என்ன பண்ணுகிறார்கள் தெரியுமா, ரிப்பன் கட்டின கதையை மூடி, போட்டோவுக்கு நின்ற டாக்டரை ஒளித்துவைத்து, எல்லாப் பழியையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். விழாவுக்கு வைத்திருந்த மிஷினை அனுமதி இல்லாமல் எடுத்தாள் என்று அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். உன் நைனா உயிர் பிழைத்ததே அந்தக் கத்தரியால்தான். நேற்று அவளைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், "ஐயாவுக்கு இப்ப எப்டி இருக்குது" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கையில் இருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். வந்த உடனே உன் நைனாவிடம், வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அண்ணன் மொகத்துல எப்டி முழிக்கிறது, வாய மூடிகினு கெட" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூடினது போதும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். பஞ்சாட்சரம் இருக்கட்டும், கஜபதி பெரியப்பா இருக்கட்டும், சாப்பிட்டார், நான்தான் ஊட்டினேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். நீ இன்றைக்கே புகாரைத் திருத்தி அனுப்பு. ரிப்பன் இருக்கட்டும், டாக்டர் இருக்கட்டும், தீர்ந்துபோன பட்டை இருக்கட்டும், அதில் ஒன்றையும் விடாதே. சிஸ்டர் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போடு.

போனில் இதைப் பற்றி உன் நைனாவிடம் கேட்காதே, வெள்ளிக்கிழமை ஆகட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ முருகன் துணை இருப்பான். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, காதை மூடித் துணி கட்டிக்கொண்டு வெளியே போ. நீயும் வார்டில் நிற்கிறவள், அதனால் இதையும் மறக்காதே. உன்னிடம் வருகிற நோயாளியின் பெண்டாட்டி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் எழுதிவிடாதே, சுற்றி நிற்கிறவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. பிரேமா