டீச்சரம்மாவின் லேப்டாப்

டீச்சரம்மா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. இரவல் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

உன் லேப்டாப் வேகமாக ஓட வாங்கிய எஸ்எஸ்டி டிஸ்க்கைப் போன மாதம் அதில் போடவே இல்லை. ஓடுகிறதா பார்ப்போம் என்று முதலில் என்னுடையதில் மாட்டினேன். பறந்தது. கழற்றக் கை வரவில்லை. உன்னுடையதைப் பளபளவென்று துடைத்து, "இனி ராக்கெட்தான்" என்று நீட்டிவிட்டேன். எங்களுடையது கடைக்காரக் குடும்பம், துடைத்த சரக்கைப் புதுசென்று தள்ளுவது பழக்கம். வீட்டுக்குள் தள்ளியது இதுதான் முதல் தடவை.

நேற்று உன் அக்காவிடம், "இவர் கை பட்டதும் என்னமா ஓடுது தெரியுமா? உன்னோடதையும் கொண்டு வாயேன்" என்று நீ சொன்னபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இன்று லீவு போட்டு, என்னுடையதிலிருந்து அந்த டிஸ்க்கைக் கழற்றி உன்னுடையதில் மாட்டிவிட்டேன். வினாத்தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அக்கா ஆறு மணிக்கு வருகிறார். அவரிடம் நானே உண்மையைச் சொல்கிறேன்.

பி.கு.: ஆன் ஆக மூன்று நிமிடம் காக்க வைத்த உன் பெட்டி இப்போது பத்து நொடியில் வந்து நிற்கிறது. இந்த வித்தியாசம் ஒரு மாதமாய் உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் அக்கா முன்னால் அப்படிப் புகழ்ந்தாயா? அதற்கு என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.