இடம் எண் பதினான்கு

மெஸ்கீட் முகாம், அரிசோனா
அக்டோபர் 12

என் அன்பு லோரென்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இந்தக் குளிர்காலத்துக்கு நீ தனியாகவே உன் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வரப்போவதாகப் படித்ததும் கண் நிறைந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் வெண்டல் போன பிறகு உன்னைப் பார்க்கவே முடியாதோ என்று நினைத்திருந்தேன். நாற்பத்திரண்டாம் இடம் இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. பழையவர்களுக்கு டிசம்பர் ஒன்று வரை முன்னுரிமை என்ற விதியை நாங்கள் மாற்றவில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். ஹார்லன் ஸ்டோபி கண் அறுவை முடித்து வந்திருக்கிறார், நாய் எது நாற்காலி எது என்று இப்போதுதான் தெரிகிறதாம். பக்கத்து இடத்து ஓப்பல் உன் இடத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள்.

என் புதன்கிழமைப் பாதுகாப்பு வகுப்புக்கு இந்த ஆண்டு நல்ல கூட்டம். போன வருடம் பன்னிரண்டு பேர், இப்போது நாற்பதுக்கு மேல். முதலுதவிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், கதவருகே வையுங்கள் என்று பதினோரு குளிர்காலமாகச் சொல்லிவருகிறேன். எரிவாயு எச்சரிப்பான் விட்டுவிட்டுக் கத்தினால் புது பாட்டரி போட்டால் போதாது, அதற்கும் ஆயுள் முடியும், அதையே மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவருகிறேன். தலையாட்டுவார்கள், போய்த் தூங்குவார்கள். முப்பத்தெட்டு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். விதி மனதில் நிற்காது, உதாரணம்தான் நிற்கும். இந்த ஆண்டு எனக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது. வெண்டல் வீணாகப் போகவில்லை, லோரென்.

வரும் வழியில் சக்கரங்களின் காற்றைக் காலையில், வெயிலேறும் முன் பார். டெப்ராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
ஆர்டிஸ்


மைனாட், வடக்கு டகோட்டா
அக்டோபர் 23

அன்புள்ள டீச்சர்,

நலம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மகள் வீட்டின் நிலவறையில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சூடாகத்தான் இருக்கிறது. ஜன்னலில் காருடைய சக்கரம் தெரியும், அவ்வளவுதான்.

மருமகன் கர்ட்டின் வண்டியை வைத்து டிரெய்லரைப் பின்னால் எடுக்கப் பழகுகிறேன். "அத்தே, எங்க பசு மாடே இதைவிட நேரா பின்னாடி வரும்" என்று சிரிக்கிறார். ஆனால் கொக்கி மாட்டவும் சங்கிலி போடவும் இப்போது எனக்குத் தெரியும். அதெல்லாம் வெண்டலின் வேலை. வெளிவேலை அவருடையது, உள்வேலை என்னுடையது. அலமாரி பூட்டுவது, கூரை ஜன்னல் மூடுவது, குளிர்பெட்டிக்குத் தாழ் போடுவது. நாற்பது வருடம் அப்படித்தான் கிளம்பினோம். இப்போது இரண்டும் நான்தான்.

டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். ஓப்பல் தொலைபேசியில் பேசினாள். வெண்டல் விழுந்த அன்று நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட ஒலிப்பதிவை நீங்கள் வாங்கிவந்து வகுப்பில் போட்டுக் காட்டுகிறீர்களாம். நான் நம்பவில்லை. உண்மையாக இருந்தால், தயவு செய்து வேண்டாம். என் பெயரைச் சொல்லி, என் தவற்றைச் சொல்லிக் கற்றுக்கொடுங்கள், பரவாயில்லை. அந்தக் குரல் வேண்டாம். அதில் பின்னால் வெண்டல் மூச்சு விடுவது கேட்கும்.

உங்கள்,
லோரென்


மெஸ்கீட் முகாம்
நவம்பர் 1

என் அன்பு லோரென்,

ஓப்பலுக்கு வாய் நீளம் என்று உனக்குத் தெரியும். நானே சொல்வதாகத்தான் இருந்தேன், நேரில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு.

ஆமாம், போட்டுக் காட்டுகிறேன். ஏன் என்று கேள். போன புதன்கிழமைக்கு முந்தைய வாரம், ஹார்லனின் மனைவி ஜூடித் கொதிக்கும் எண்ணெயைத் தொடையில் கொட்டிக்கொண்டாள். ஹார்லனுக்குப் பதற்றத்தில் எந்த இடம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதவுக்கு உட்புறம் அட்டை இருந்தது: முகாமின் பெயர், சாலை, இடத்தின் எண். இரண்டு நாளுக்கு முன்தான், உன் குரலைக் கேட்ட அன்று மாலையே, பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தார். ஒன்பது நிமிடத்தில் வண்டி வந்தது. "டீச்சர், அந்தம்மா குரல் காதுலயே நின்னுச்சு. அது இல்லன்னா நான் எழுதியிருக்க மாட்டேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வெண்டலுக்கும் அந்த ஒன்பது நிமிடம் இருந்தது. அதே ஆம்புலன்ஸ் நிலையம், அதே சாலை. நீ படித்தது பழைய அட்டை, அதனால் வண்டி எழுபது மைல் தள்ளி, முன்பு நாம் தங்கியிருந்த ஏரிக்கரை முகாமுக்குப் போய், பதினான்காம் இடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த யாரோ இரண்டு பேரின் கதவைத் தட்டியது. வீடு நகரும், அட்டை நகராது. இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

இருந்தாலும் உன் விருப்பத்தை மதித்து வகுப்பில் கேட்டேன். கையைத் தூக்கச் சொன்னேன். தொடர வேண்டும் என்று முப்பத்தொன்று, வேண்டாம் என்று நான்கு. எல்லோரும் உன்னை எவ்வளவு அன்போடு நினைக்கிறார்கள் தெரியுமா? புதிதாக வந்த ஒரு பெண் அழுதேவிட்டாள். "பாவம், வீட்டுக்காரர் பக்கத்துல கிடக்கறப்ப இவ்வளவு நம்பிக்கையா தப்பைப் படிக்கிறாங்களே" என்றாள்.

தைரியமாக இரு. நன்றாகச் சாப்பிடு.

உன்,
ஆர்டிஸ்


மைனாட்
நவம்பர் 9

அன்புள்ள டீச்சர்,

ஜூடித்துக்குக் குணமாகட்டும். அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஒன்பது நிமிடம் என்று நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கே நினைவிருக்கும். நான் எப்போதும் அட்டையைப் பென்சிலில்தான் எழுதுவேன். இடம் மாறினால் அழித்துவிட்டு எழுதுவேன். ஏரிக்கரையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தோம். ஒரு காலையில் நீங்கள் வந்து பார்த்து, பென்சில் மங்கிப்போகும், இருட்டில் தெரியாது என்றீர்கள். "இன்னும் அஞ்சு நாள்ல கிளம்பிடுவோம் டீச்சர்" என்றேன். "அஞ்சு நாளானாலும் ஒழுங்கா செய்யணும்" என்று சொல்லி, மையால் அழகாகப் பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் லேமினேட் மெஷினில் போட்டு, நாலு மூலையிலும் ஒட்டியும் கொடுத்தீர்கள். வெண்டல்கூட, இனி இந்தக் கதவு ஒரு பள்ளிக்கூடம் என்று சொன்னார்.

மெஸ்கீட்டுக்கு வந்த ஞாயிறன்று அதை மாற்ற உங்களிடம் வெற்று அட்டை கேட்டேன். புதன்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் தருகிறேன், அவசரப்படாதே என்றீர்கள். நான் காத்திருந்தேன். என் தவறுதான், ஒரு காகிதத்தில் கிறுக்கி மேலே ஒட்டியிருக்கலாம். உங்கள் எழுத்தின் மேல் ஒட்ட மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வெண்டல் விழுந்தார்.

பதறும்போது நினைவை நம்பாதே, அட்டையைப் படி என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். படித்தேன்.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் படித்து முடித்ததும் ஆம்புலன்ஸ் அழைப்பை எடுத்த பெண், "நிச்சயமா தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். "எங்க டீச்சர் கைப்பட எழுதினதும்மா, தப்பா இருக்காது" என்றேன். அதையும் வகுப்பில் போடுகிறீர்களா?

உங்கள்,
லோரென்


மெஸ்கீட் முகாம்
நவம்பர் 17

என் அன்பு லோரென்,

உன் கடிதத்தைப் பொறுமையாக இரண்டு முறை படித்தேன். துக்கம் மனிதரை எங்கெல்லாமோ அழைத்துப்போகும். என் கணவர் இறந்தபோது நான் பால்காரர் மேல் கோபப்பட்டேன்.

முழுவதும் போடுவதில்லை. முப்பது விநாடியில் நிறுத்திவிடுகிறேன். நல்ல பாடத்துக்கு ஓர் உதாரணம், ஓர் உதாரணத்துக்கு ஒரு தவறு. இரண்டாவது தவறு வந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது ஒரே கரும்பலகையில் கூட்டலையும் வகுத்தலையும் போடுவோமா? அட்டையை யார் எழுதியது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. கதவின் உட்புறம் உள்வேலை. நீயே முன்பு எழுதியிருந்தாய்.

இப்போது உன் இடத்தைப் பற்றி. முகாம் குழுவில் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது. நீ எதிரே நடந்து போனால் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்தால் அந்தக் குரல்தான் ஞாபகம் வரும் என்கிறார்கள். தனியாக டிரெய்லர் வைத்திருப்பவர் பாதுகாப்பாக நடந்துகொள்வாரா என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். டிசம்பர் ஒன்றுக்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது. காத்திருப்புப் பட்டியலில் இரண்டு தம்பதிகள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ வந்த முதல் புதன்கிழமை, வகுப்புக்கு வா. ஒலிப்பதிவை முப்பது விநாடி போடுவேன். பிறகு நீயே எழுந்து, "இது நான்தான். என் கவனக்குறைவால் என் வீட்டுக்காரர் போனார். நீங்களாவது அட்டையை மாத்துங்க" என்று சொல். அவ்வளவுதான். அட்டை எங்கிருந்து வந்தது என்ற கதைக்குள் போக வேண்டாம். சொல்லிவிட்டால் எல்லோருக்கும் மனம் லேசாகிவிடும், உன்னிடம் சகஜமாகப் பேசுவார்கள். தவற்றை எழுந்து நின்று ஒப்புக்கொண்ட பிள்ளையை நான் ஒருநாளும் வெளியே நிற்க வைத்ததில்லை.

ஒரு வாரத்துக்குள் எழுது.

எப்போதும் உன் நலம் விரும்பும்,
ஆர்டிஸ்


மைனாட்
நவம்பர் 24

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை டெப்ராவிடம் காட்டினேன். "அம்மா, அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்றாள். கர்ட் அதைவிட மோசமாகச் சொன்னார், எழுத முடியாது. பிறகு இருவரும் பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நான் கீழே வந்து உட்கார்ந்து நிறைய நேரம் யோசித்தேன். உங்களுக்கு ஒரு பெரிய பதில் எழுதினேன், ஆறு பக்கம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இந்த வீட்டில் என்னிடம் யாரும் கெட்டவிதமாக நடப்பதில்லை. என்னிடம் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். அங்கே என்னைப் பற்றியாவது பேசுகிறீர்கள். அந்த முகாமில்தான் வெண்டலைத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர் எப்படிச் சிரிப்பார் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

வருகிறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், சாலையில் பனி இல்லை என்றால் ஐந்து நாள். நீங்கள் எழுதியிருந்த அந்த மூன்று வாக்கியத்தையும் நேற்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் பேச்சு கொஞ்சம் நின்றுவிடுகிறது, பழகிவிடும். நடுவில் வேறு எதையும் சேர்க்க மாட்டேன்.

ஓப்பலிடம் நான் வருவதைச் சொல்லுங்கள். இடத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பு காலையிலா, மதியமா? நான் முன்வரிசையில் உட்காரவா, அல்லது நீங்கள் கூப்பிடும்போது பின்னாலிருந்து வரவா?

உங்கள்,
லோரென்