மூன்று பென்டிரைவும் ஒரு மஞ்சள் திரையும்

ஜூன் 4
மழை விட்டு விட்டுப் பெய்தது. வயதான காலத்தில் சேர்ந்த எழுத்து வகுப்புக்கு விடுமுறை. உன் லேப்டாப்பைக் கொஞ்சம் தொடலாமா என்று மனைவியைக் கேட்டேன். கூடாது என்றாள். மருந்துக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அவள் கணக்கு, படங்கள் எல்லாம் அதற்குள்தான். "நீங்க பெயிண்ட் அடிச்ச கை. எதைத் தொட்டாலும் நிறம் மாறிடும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இவ்வளவு எழுத அரை மணி ஆனது. விரல் வலிக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூன் 6
எங்கள் மாடிக்குக் கீழே கம்ப்யூட்டர் பழுதுக் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் குறை சொன்னேன். அதற்கு வழி இருக்கிறதாம். பென்டிரைவுக்குள்ளேயே ஒரு முழு சிஸ்டம் வைத்துத் தருவாளாம். செருகி, மெஷினைப் போடும்போது மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதிலிருந்தே ஓடும். உள்ளே இருக்கும் எதையும் தொடாது. பிடுங்கிவிட்டால் மெஷின் பழையபடி இருக்கும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது சாம்பிள். முழுச் சுவரும் அடிப்பதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு அடித்துப் பார்ப்போமே, அதுதான். வெயிலில் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நிறத்தை முடிவு செய்வார்கள்.

மூன்று கொடுத்தாள். சிவப்பு நூல், நீல நூல், பச்சை நூல். "எது புடிக்குதோ அதை வெச்சுக்குங்க பெரியப்பா. மத்ததைத் திருப்பிக் குடுங்க."

ஆயுள் முழுக்க நிறத்தை அடுத்தவர் சொன்னார்கள், நான் அடித்தேன். இப்போதுதான் முதல் தடவையாக எனக்கு எது வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஜூன் 8
சிவப்பு. உள்ளே எதையும் தொடாது என்று சொன்னதும் மனைவி லேப்டாப்பை எடுத்துத் தந்தாள், பக்கத்திலேயே காவலும் உட்கார்ந்தாள். திறப்பதற்குள் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன். திறந்தால் பளபளப்போ பளபளப்பு. பெரிய ஹோட்டல் வாசலில் செருப்போடு நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. மாலையிலும் பார்த்தேன். கூச்சம் குறையவில்லை.

முடிந்ததும் மனைவி தன் படங்களை எண்ணாத குறையாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. "சரி, அடிங்க உங்க சாம்பிளை" என்றாள். காவலை எடுத்துவிட்டாள்.

ஜூன் 9
நீலம். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நான் தட்டிய தப்பு எதுவும் மிச்சமில்லை. தடம் வைக்க விரும்பாதவர்களுக்காகச் செய்ததாம். எனக்காகவே செய்தது போல இருக்கிறது. என்ன கிறுக்கினாலும் யாரும் பார்க்க முடியாது.

ஜூன் 11
நீலம்தான். முடிவு செய்தாயிற்று.

ஜூன் 13
மகள் படியில் வழுக்கிக் காலில் கட்டு. போனில் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். மனைவி அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறாள். இரண்டு மாதம் ஆகும். லேப்டாப்பும் அவளோடு போகிறது.

ஒன்று நினைத்தேன். வெளியூர்களில் பெயிண்ட் அடித்த காலத்தில் கூட வேலை செய்தவன்தான் எனக்குக் கடிதம் எழுதித் தருவான். நலம், வேலை நடக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? என் பேச்சாக ஒரு கடிதம்கூட மனைவிக்குப் போனதில்லை. அவள் கிளம்புவதற்குள் ஒரு பக்கம் தட்டிவிட வேண்டும்.

ஜூன் 15
தட்டினேன். காலை முழுக்க. ஒரு பக்கம். அணைத்தேன் —
அட மடையா, நீலத்தில் அல்லவா தட்டினாய்!

ஒரு பக்கம் இருந்தது, உனக்குத்தான் எழுதினேன் என்று அவளிடம் சொன்னேன். "இருந்திருக்கும், இருந்திருக்கும்" என்றாள். "என்ன எழுதினீங்கன்னு வாயால சொல்லுங்களேன்."
வாயால் வந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

ஜூன் 16
பச்சை. சின்னது. நாய்க்குட்டி என்று பொருள் வரும் பேராம். வாலாட்டிக்கொண்டு உடனே திறந்தது. மூடும்போது, செய்ததையெல்லாம் இந்தப் பென்டிரைவிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறது. கேட்கிறதே, என்ன மரியாதை! ஆமாம் என்றேன்.

திரைக்கு நல்ல கடுகு மஞ்சள் வைத்தேன். ஒரு வீட்டிலும் என்னை அந்த நிறம் அடிக்க விட்டதில்லை. மாலையில் திறந்தேன். மஞ்சளும் இருந்தது, தட்டியதும் இருந்தது. தப்பும் இருந்தது. இருக்கட்டுமே.

ஜூன் 19
மறுபடி தட்டி முடித்தேன். பச்சையை அவள் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவளுக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே.

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். ஏன் பிடிக்கவில்லை என்று கடைப் பெண் கேட்டாள். "ரெண்டும் நல்லதுதாம்மா. ஒண்ணுல கூச்சம், ஒண்ணுல மறதி. ரெண்டுமே எங்கிட்ட ஏற்கெனவே நிறைய இருக்கு" என்றேன்.

ஜூன் 20
போய்விட்டாள். வீடு பெரிதாகிவிட்டது.

ஜூன் 24
தினமும் போன் செய்கிறாள். மாத்திரை, மகள் கால், கேஸ் அடுப்பை மூடினீர்களா. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடி போடாமல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியானால் பார்த்திருக்கிறாள். தப்பு அதிகமோ? சிரித்தாளோ? மகளிடம் காட்டிவிட்டாளோ? சே, எழுதியிருக்கவே கூடாது.

ஜூன் 27
இன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 2
மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வந்தார். "அத்தை குடுக்கச் சொன்னாங்க மாமா" என்று ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் பச்சை நூல். வேண்டாம் என்று திருப்பிவிட்டாளா?

வீட்டில் மெஷின் ஏது. கீழே ஓடினேன். கடைப் பெண் யாரோ பழுதுக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் செருகினாள். வேறு மெஷினாயிற்றே, என் திரை எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. நான் வைத்ததெல்லாம் வைத்த இடத்தில். மஞ்சளை மட்டும் காணோம். இளம் ரோஸ்!

என் பக்கத்தைத் திறந்தேன். அதன் கீழே அவள் எழுதியிருந்தாள். என்னுடையதைவிட நீளம். முதல் வரி: "யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள்."

"படிச்சுச் சொல்லட்டுமா பெரியப்பா?" என்றாள் கடைப் பெண்.
"வேண்டாம்மா" என்றேன்.
அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ துடைக்கத் தொடங்கினாள். கடை மூடும்வரை படித்தேன். என்ன எழுதியிருந்தாள் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன். கடைசி வரியை மட்டும் எழுதலாம்: "அந்த மஞ்சள் கண்ணைக் குத்துகிறது, மாற்றிவிட்டேன்."

ஜூலை 3
மாப்பிள்ளை நாளை சாயங்காலம் திரும்புகிறார். பச்சையை அவரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்குள் அவள் எழுதியதற்குக் கீழே நான் எழுதி முடிக்க வேண்டும். கடையில் ஒரு நாற்காலி எனக்கென்று போட்டாயிற்று.

ரோஸை மாற்றவில்லை. காலை வெயிலில் பார்த்தேன். விளக்குப் போட்ட பிறகும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.